இலங்கைப் பிரயாணத்திற்கு ஏற்ற காலம் எது?

தோற்றுவாய்

பண்டைத் தமிழ்ச் சான்றோர் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கு சேர்த்து ‘முதற்பொருள்’ என வகுத்தனர். நிலத்தைப் பொழுதினின்று பிரித்தால் அதன் இயல்பு விளங்காது என்பது அவர் கருத்துப் போலும். இலக்கண வகுப்பிற் கற்ற இவ்வுண்மையைப் பிரயாணத்திற்குப் புறப்படுங்கால் நாம் மறந்து விடுகின்றோம். “இலங்கைத் தீவுக்குச் செல்ல எந்த மாதம் நல்லது?” என்று ஒருவர் வினவுவர், “டிசம்பர் முதல் மார்ச் வரை” என்று மற்றொருவர் விடை பகர்வர். விடை தவறன்று, ஆயினும் அது பாதி விடையே. அவ்விடையை நம்பி டிசம்பர் மாதத்தில் திருகோணமலைக்குச் செல்வோர் அறையைவிட்டு வெளிவர இயலாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். அதே நாளில் தென்கரையிலுள்ள காலி நகரத்திலோ வெயில் இனிதாக எறித்துக்கொண்டிருக்கும்.

நம்மிற் பலருக்குப் பிரயாண காலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. கல்லூரி விடுமுறை எப்பொழுது வருகின்றதோ அப்பொழுதுதான் மாணவனும் ஆசிரியனும் மூட்டை கட்ட வேண்டும். ஆதலின் ‘எந்த மாதம்’ என்று கேட்பதைவிட, ‘இந்த மாதத்தில் எந்தக் கரை’ என்று கேட்பதே அறிவுடைமை. இலங்கையைப் பொறுத்தவரை இவ்வினாவிற்கு ஏறக்குறைய ஆண்டு முழுவதும் விடையுண்டு. அவ்விடை எங்ஙனம் கிடைக்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவின் அமைப்பு

இலங்கை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அமைந்துள்ளது. அதன் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். வடக்கே பருத்தித்துறையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனை வரை ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் 220 கிலோமீட்டருக்குச் சிறிது மேற்பட்ட அகலமும் உடையது. ஒரே நாளில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சென்றுவிடலாம். இத்துணைச் சிறிய தீவில் ஒரு பக்கம் கார்காலமும் மறுபக்கம் வேனிலும் ஒரே சமயத்தில் நிலவுவது எப்படி?

அதற்குக் காரணம் தீவின் நடுவிலிருந்து தெற்கு நோக்கி நிற்கும் மலைத்தொகுதியே. அதன் உச்சியாகிய பீதுருதாலகால மலை 2,524 மீட்டர் உயரமுடையது. சுற்றிலும் தாழ்ந்த சமவெளி. நடுவே நிமிர்ந்த மலை. கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வருங் காற்று எப்பக்கத்திலிருந்து வந்தாலும் இம்மலை அதனைத் தடுத்து நிறுத்துகின்றது. தடுக்கப்பட்ட காற்று மேலெழுந்து குளிர்ந்து, தன் சுமையை மழையாக இறக்கிவிடுகின்றது. மலையைக் கடந்து அப்பாற் செல்லும்போது அது வறண்ட காற்றாகிவிடுகின்றது. ஆகவே ஒரு பக்கத்தாருக்கு மழை கொண்டுவந்த காற்றே மறுபக்கத்தாருக்கு வெப்பத்தைத் தருகின்றது.

காற்றுகள் இரண்டு, இடைக்காலங்கள் இரண்டு

இலங்கையின் ஆண்டு நான்கு பகுதிகளை உடையது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். இவற்றினிடையே மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதல் இடைக்காலமாகவும், அக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டாம் இடைக்காலமாகவும் அமைகின்றன.

கோடையில் ஆசியாவின் பெருநிலம் கடலினும் மிகுதியாகச் சூடேறுகின்றது. அங்குள்ள காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பத் தென்கடலிலிருந்து ஈரக்காற்று விரைகின்றது. பூமி சுழலுதலால் அக்காற்றுத் திசை திரும்பித் தென்மேற்கிலிருந்து வீசுகின்றது. கொழும்பு, காலி, இரத்தினபுரி முதலிய இடங்களும் மலையின் மேற்குச் சரிவுகளும் இக்காற்றை முதலில் ஏற்கின்றன. மேற்குச் சரிவின் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேலும் மழை பெய்வதுண்டு. வடமேற்கே மன்னாரை அடுத்த பகுதிகளும் தென்கிழக்கே அம்பாந்தோட்டையை அடுத்த பகுதிகளுமோ ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டரளவு மழையைப் பெறுவதே அரிது.

இதே தென்மேற்குக் காற்றை யாழ்ப்பாணத்தார் ‘சோளகம்’ என்பர். மலையைக் கடந்து வெப்பத்துடன் வந்து வீசுவதைக் கிழக்குக் கரையார் ‘கச்சான்’ என்பர். பெயர் வேறுபடுதல் போலவே பயனும் வேறுபடுகின்றது.

குளிர்காலத்தில் நிலைமை தலைகீழாகின்றது. பெருநிலம் குளிர்ந்து, காற்று வடகிழக்கிலிருந்து கடலை நோக்கி வீசத் தொடங்குகின்றது. வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது அது ஈரத்தைக் கவர்ந்துகொள்கின்றது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியவற்றிற்கு இவ்வாடைக்காற்றே மழை கொணர்வது. சோழமண்டலக் கரையிலுள்ள நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தருவதும் இதுவேயாதலின், இலங்கையின் கீழ்க்கரை வானிலை நமக்குப் புதிதன்று.

இரு நகரங்களின் மழையளவை ஒப்பிட்டு நோக்கினால் இஃது இனிது விளங்கும். கொழும்பில் ஜனவரியில் ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் மழையே பெய்கின்றது. மே மாதத்திலோ 390 மில்லிமீட்டரளவு. திருகோணமலையில் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். டிசம்பரில் 340 மில்லிமீட்டரளவு. ஒன்றின் கார் மற்றொன்றின் வேனிலாக இருத்தல் காண்க.

இடைக்காலங்கள் இரண்டும் தம்முள் ஒத்தன அல்ல. மார்ச், ஏப்ரல் மாதங்களில் காலைப்பொழுது தெளிவாக இருக்கும். பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை வந்து மாலைக்குள் ஓய்ந்துவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களிலோ இவ்விடிமழையோடு விரிகுடாவில் உண்டாகும் தாழ்வமுக்கங்களும் சேர்ந்துகொள்ளும். அப்பொழுது தீவின் எல்லாப் பக்கங்களிலும் மழை உண்டு. ஆண்டில் ‘எந்தக் கரை’ என்னும் வினாவிற்கு எளிதில் விடை கிடையாத காலம் இஃதொன்றே.

மீனவர் கண்ட வழி

மேற்கூறியதைப் புத்தகங் கற்றோர் கண்டுபிடிக்கு முன்னரே கடலை நம்பி வாழ்வோர் கண்டறிந்துவிட்டனர். மேற்குக் கரையில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களைச் சார்ந்த மீனவரிற் பலர், தென்மேற்குக் காற்று எழுந்து தம் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் குடும்பத்தோடு கிழக்குக் கரைக்கும் வடகிழக்குக் கரைக்கும் பெயர்ந்து செல்வது நெடுங்கால வழக்கம். அங்கே கடற்கரையில் ‘வாடி’ எனப்படும் ஓலைக் குடில்களை அமைத்துத் தங்கி மீன் பிடிப்பர். வாடை திரும்புங்கால் மீண்டும் சொந்த ஊரை அடைவர். காற்றோடு போராடுதல் வீண் என்றும், காற்றில்லாத பக்கத்திற்குச் செல்வதே தக்கது என்றும் அவர் கண்ட முடிவைப் பிரயாணியும் பின்பற்றலாம்.

மரக்கலங்களின் வரலாறும் இதற்குச் சான்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன யாத்திரிகராகிய பாகியான், வங்காளக் கரையிலுள்ள தாம்ரலிப்தியிலிருந்து குளிர்காலத் தொடக்கத்து வாடையின் துணைகொண்டு பாய்விரித்து, 14 நாளில் இலங்கையை அடைந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் திருகோணமலைத் துறைமுகத்திற்காக ஐரோப்பிய வல்லரசுகள் போராடியதற்கும் பருவமே ஒரு முக்கிய காரணம். சோழமண்டலக் கரையில் வாடைக்காலப் புயலுக்கு ஒதுங்கத்தக்க நல்ல துறைமுகம் அக்காலத்தில் இல்லை. இயற்கையாகவே காப்பமைந்த திருகோணமலையிற் பெருங்கப்பல்கள் அச்சமின்றித் தங்கலாம். 1782ஆம் ஆண்டில் மட்டும் அத்துறை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறிற்று.

இன்றும் நிலைமை முற்றும் மாறிவிடவில்லை. நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்றது. தொடங்கிய சில நாட்களிலேயே வாடைக்காலத்தை முன்னிட்டு நிறுத்தப்பெற்று, 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மீண்டும் ஓடியது. இயந்திரக் கப்பலும் காற்றின் நாட்காட்டியைப் பார்த்தே புறப்பட வேண்டியிருக்கின்றது.

கடற்கரைகள்

கடலாடுதலையும் மணலில் உலாவுதலையும் விரும்பிச் செல்வோர் நினைவிற் கொள்ள வேண்டிய விதி எளிது. டிசம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை தென்கரையும் தென்மேற்குக் கரையும். ஏப்ரல் பிற்பகுதி முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கரை. முன்னதில் பெந்தோட்டை, இக்கடுவை, காலி, மிரிசை முதலியன அடங்கும். பின்னதில் நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா, அறுகம்குடா ஆகியவை சிறப்புடையன. பாசிக்குடாவில் நெடுந்தூரம் வரை நீர் ஆழமின்றி இருத்தலால், கடல் அடங்கிய மாதங்களில் நீந்தத் தெரியாதவரும் இறங்கி மகிழலாம்.

திமிங்கிலங்களைக் காண விரும்புவோரும் இவ்விதியையே கைக்கொள்கின்றனர். உலகத்து உயிர்களுள் மிகப் பெரியதாகிய நீலத் திமிங்கிலத்தைத் தென்கரை மிரிசையிலிருந்து டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலும், திருகோணமலையிலிருந்து மே முதல் ஆகஸ்ட் வரையிலும் படகிற் சென்று காண்பர். கரைதோறும் காலம் மாறுதற்குத் திமிங்கிலத்தின் போக்கைவிடப் படகு செல்லத்தக்க அமைதியான கடலே முதற்காரணம்.

ஈண்டு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மழை வேறு, கடல் வேறு. கொழும்பில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழை மே மாதத்தைக் காட்டிலும் மிகவும் குறைந்துவிடும். சில நாட்கள் நல்ல வெயிலாகவும் இருக்கும். அதனைக் கண்டு கடலும் அடங்கிவிட்டது என்று கருதலாகாது. காற்று அப்பொழுதும் தென்மேற்கிலிருந்தே வீசுகின்றது. அலைகளும் அடிநீரோட்டமும் வலிமை குன்றாதிருக்கும். நகரங்களையும் நூதனசாலைகளையும் கோயில்களையும் காண அம்மாதங்கள் பொருந்தும். கடலில் இறங்கப் பொருந்தா.

மலைநாடு

மலைநாட்டின் பருவத்தை அறியத் தேயிலையே நல்ல ஆசான். மலையின் மேற்குப் பக்கத்திலுள்ள திம்புள்ளைப் பகுதித் தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரையிலும், கிழக்குப் பக்கத்திலுள்ள ஊவாத் தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலும் மணமும் சுவையும் மிகுந்து விளங்கும். அவ்வம் மாதங்களில் அவ்வப் பக்கத்தில் வறண்ட காற்று வீசுதலால் கொழுந்து மெல்ல வளர்ந்து சாரம் மிகுகின்றது. தேயிலைக்கு நல்ல மாதமே நடைப்பயணத்திற்கும் நல்ல மாதம். ஆகவே அட்டன், நுவரெலியா, ஓட்டன் சமவெளி ஆகியவற்றிற்கு ஆண்டின் முதல் மூன்று மாதங்களும், பண்டாரவளை, எல்ல முதலிய ஊவாப் பகுதிகளுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் ஏற்றன. ஓட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பாறையிலிருந்து கீழ்நாட்டைக் காண விரும்புவோர், எம்மாதத்திற் சென்றாலும் விடியற்காலையிலேயே அவ்விடத்தை அடைதல் வேண்டும். காலை பத்து மணிக்குள் மேகம் வந்து மூடிவிடுதல் அங்கு வழக்கம்.

சிவனொளிபாதமலை 2,243 மீட்டர் உயரமுடையது. சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் தத்தம் மரபின்படி போற்றும் மலை அது. அங்கு யாத்திரைக்காலம் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி, மே மாதத்து வைகாசிப் பௌர்ணமியோடு முடிகின்றது. இக்காலத்திற் படிக்கட்டுகளில் இரவெல்லாம் விளக்கெரியும். வழிநெடுகத் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். மற்றை மாதங்களில் விளக்குமில்லை, கடையுமில்லை. காற்றும் மழையும் அட்டைப் பூச்சிகளுமே துணையாக வரும். முன்னோர் வகுத்த யாத்திரைக்காலம் வானிலையோடும் பொருந்தியிருத்தல் வியக்கத்தக்கது.

நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் ‘வசந்தகாலம்’ எனக் கொண்டாடப்படுகின்றது. சமவெளியில் வெப்பம் மிகுந்த அம்மாதத்தில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மக்கள் திரண்டு மலையேறுவர். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நிகழும். கேளிக்கையை விரும்புவோருக்கு அது நல்ல காலம். அமைதியையும் சிக்கனத்தையும் விரும்புவோர் அவ்வாரத்தைத் தவிர்த்தல் நலம். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அங்கே சில இரவுகளில் உறைபனியும் உண்டாம் ஆதலின், கம்பளி ஆடை இன்றியமையாதது.

வடபுலமும் நடுநாடும்

அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா முதலிய பழம்பெரும் நகரங்கள் அமைந்த நடுநாடு வறண்ட பகுதியைச் சார்ந்தது. அங்குள்ள குளங்கள் அக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையால் நிரம்புகின்றன. அம்மழையைக் கொண்டு விளைவிப்பது காலபோகம். குளத்தில் தேக்கிய நீரைக் கொண்டு பின்னர் விளைவிப்பது சிறுபோகம். பெப்ரவரி மாதத்திற் சென்றால் நிரம்பிய குளங்களையும் பசுமையான வயல்களையும் ஒருங்கே காணலாம், வெயிலும் கடுமையன்று. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நிலம் காய்ந்திருக்கும். எனினும் அதற்கும் ஒரு பயன் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டிய மின்னேரிக் குளத்தின் நீர் அப்பொழுது வற்றிச் சுருங்க, ஈரமான கரையிற் புதிய புல் முளைக்கும். அதனை மேய்வதற்குச் சுற்றுப்புறக் காடுகளிலிருந்து யானைகள் கூட்டங்கூட்டமாக வந்து சேரும். மாலையில் நூற்றுக்கு மேற்பட்ட காட்டுயானைகளை ஒரே வெளியிற் காணும் பேறு செப்டெம்பர் வரை கிட்டும்.

யாழ்ப்பாணத்திற்குத் தை முதல் பங்குனி வரை மிக இனிய காலம். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டப் போட்டி நிகழ்கின்றது. அம்மாதத்து வாடையே அதற்குத் துணை. மன்னார்க் கரையிலும் கழிமுகங்களிலும் வடநாடுகளிலிருந்து வலசை வந்த பறவைகளைக் குளிர்கால மாதங்களிற் காணலாம். பூநாரைகளும் அவற்றுள் உண்டு. சித்திரை முதல் ஆவணி வரை வெப்பம் மிகுதி. ஆயினும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் சுவையை அறிய வேண்டுமாயின் அவ்வெப்பத்தைப் பொறுத்தே ஆகவேண்டும்.

விழாக்களிற் பெரும்பாலானவும் வெயிற்காலத்திலேயே வருகின்றன. ஆடி அமாவாசையை அடுத்துத் தொடங்கி 25 நாள் நடைபெறும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா, ஆகஸ்ட் 15ஆம் நாளில் நிறைவுறும் மடுமாதா திருவிழா, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நிகழும் கதிர்காமத் திருவிழா, கண்டிப் பெரகரா ஆகிய யாவும் தென்மேற்குக் காற்றுக் காலத்தன. இவற்றுள் நல்லூரும் மடுவும் கதிர்காமமும் அக்காற்றின் மழை மிகுதியாக எட்டாத வறண்ட பகுதியிலேயே அமைந்துள்ளன.

நம் விடுமுறைகள்

மேற்கூறியவற்றை நம் விடுமுறைகளோடு பொருத்திப் பார்ப்போம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையிற் செல்வோர் கொழும்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்க. காலிக் கோட்டை, மாத்தறை, தென்கரைக் கடல் ஆகியன அப்பொழுது நல்ல நிலையில் இருக்கும். கண்டியில் இடையிடையே தூறல் இருப்பினும் இடையூறின்று. சிவனொளிபாதமலையின் யாத்திரையும் தொடங்கியிருக்கும். திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியவற்றை அப்பொழுது நாடற்க. ஆனால் டிசம்பர் இறுதி வாரம் பிறநாட்டார் மிகுதியாக வரும் காலமாதலின் அறை வாடகை உயர்ந்திருக்கும். பொங்கலுக்குப் பின் ஒரு வாரம் ஓய்வு கிடைப்பின், அதுவே சிக்கனமும் நல்ல வானிலையும் கூடியது.

கோடை விடுமுறை ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் வரை நீளுவது. நம்மில் மிகப் பலர் செல்லக்கூடிய காலமும், மிகப் பலர் திசை தவறும் காலமும் இதுவே. ஏப்ரலில் மலைநாடு செல்லலாம். மே மாதம் பிறந்தபின் மேற்குக் கரையையும் இரத்தினபுரிப் பகுதியையும் விடுத்து, கிழக்கு நோக்குக. நிலாவெளியிற் கடலாடி, கோணேசர் மலையைக் கண்டு, பொலன்னறுவை வழியாகத் திரும்புதல் சிறந்த திட்டம். நடுப்பகல் வெயில் கடுமையாதலின் பாறையேறுதல், கோயில் காணுதல் முதலியவற்றைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்க. ஜூன் மாதமாயின் ஊவா மலைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். மழையை அஞ்சாதவர்க்கு மேற்குக் கரையிலும் ஒரு பரிசு உண்டு: இறம்புட்டானும் மங்குஸ்தானும் அங்கே பழுத்துக் குவிவது அம்மாதங்களிலேதான்.

செப்டெம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் வரும் சிறு விடுமுறைதான் இடர்ப்பாடுடையது. செப்டெம்பர் ஆயின் மின்னேரியும் கிழக்குக் கரையும் பொருந்தும். ஆனால் யால வனவிலங்குச் சரணாலயத்தின் முக்கிய பகுதி வழக்கமாகச் செப்டெம்பர் மாதத்தில் மூடப்படுவது நினைவிலிருத்தற்பாலது. அக்டோபர் நடுப்பகுதி கடந்தபின் நவம்பர் முடிவு வரை பிரயாணத்தை ஒத்திவைப்பதே நன்று.

இடையூறுகள்

பருவத்தைப் பிழையாகத் தேர்ந்தவர்க்கு ஏற்படுவது பணநட்டமும் மனச்சோர்வும் மட்டுமாயின் இத்துணை விரித்துக் கூற வேண்டியதில்லை. சில வேளைகளில் உயிரே பணயமாகின்றது.

நவம்பர், டிசம்பர் மாதங்கள் புயலுக்குரியன. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாளிரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, ஓடிக்கொண்டிருந்த இரயில்வண்டியையும் கடலுக்கு இரையாக்கிற்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய புயல் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் தீவு முழுவதும் வெள்ளத்தையும், மலைநாட்டில் நிலச்சரிவுகளையும் விளைத்துப் பெருந்துயருக்குக் காரணமாயிற்று. மேற்குப் பகுதியில் அஞ்சத்தக்க மாதம் மே. 2017ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி, களுத்துறை முதலிய மாவட்டங்களில் வெள்ளத்தாலும் நிலச்சரிவாலும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஆதலின் மாணவர் குழுவை அழைத்துச் செல்லும் ஆசிரியர் மூன்று காரியங்களில் உறுதியாக நிற்றல் வேண்டும். முதலாவது, கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை நாள்தோறும் நோக்குதல். மலைநாட்டிலாயின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் நிலச்சரிவு எச்சரிக்கையையும் கேட்டறிதல். இரண்டாவது, கரையிற் செங்கொடி பறப்பின் முழங்கால் அளவு நீரிலும் இறங்காதிருத்தல். அலை கரைக்கு வருவதை நாம் காண்கின்றோம். அந்நீர் அடியில் திரும்பி இழுப்பதைக் காண்பதில்லை. அவ்விழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தினின்று விலகுதல் வேண்டும். மூன்றாவது, திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டுவைத்தல். நாள் முழுவதையும் நிரப்பிக்கொண்டவரே மழையிலும் மலைப்பாதையில் வண்டியை ஓட்டச் சொல்லுகின்றவர்.

எல்லாவற்றினும் மேலாக, உள்ளூராரின் சொல்லைக் கேட்க வேண்டும். “இன்று கடல் சரியில்லை” என்று படகோட்டி கூறினால், கொடுத்த முன்பணத்தை நினைத்து அவரை வற்புறுத்துதல் தகாது. அவ்வாறு சொல்லும்போது தம் அன்றைய கூலியை அவர் இழக்கின்றார் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

முடிவுரை

ஒரு தீவின் பருவம் பிரயாணிக்கு மட்டும் உரியதன்று. கரையில் விடுதி நடத்துவோரும், படகு விடுவோரும், இளநீர் விற்போரும் ஆண்டில் ஐந்தாறு மாத வருவாயைக் கொண்டே எஞ்சிய மாதங்களையும் கழிக்கின்றனர். 2020ஆம் ஆண்டில் நோயாலும், 2022ஆம் ஆண்டிற் பொருள் நெருக்கடியாலும் அச்சில மாத வருவாயும் அவர்களுக்கு அற்றுப்போயிற்று. எல்லாரும் ஒரே மாதத்தில் ஒரே கரையிற் கூடுவதினும், காலமறிந்து இரு கரைகளுக்கும் பிரிந்து செல்லுதல் விருந்தினருக்கும் நலம், விருந்தோம்புவாருக்கும் நலம்.

ஆகவே, விடுமுறைத் தேதி குறிக்கப்பட்டவுடன் நாம் முதலில் கேட்க வேண்டுவது, “அப்பொழுது காற்று எப்பக்கத்திலிருந்து வீசும்?” என்பதே. தென்மேற்கிலிருந்து வீசுமாயின் கிழக்கே செல்க. வடகிழக்கிலிருந்து வீசுமாயின் தெற்கேயும் மேற்கேயும் செல்க. காற்று நிலைகொள்ளாத ஐப்பசி, கார்த்திகையில் வீட்டிலிருந்து அடுத்த பிரயாணத்திற்குரிய நூல்களைக் கற்க.